தக்கலைப் பகுதியில் பழைய ஓட்டு வீட்டுக்கான மர ஆய்வுச் சேவை

பத்மநாபபுரம் அரண்மனைக்கு அருகிலுள்ள எங்கள் குடும்ப வீட்டின் தேக்கு உத்தரங்களையும், பலா இனத்தைச் சேர்ந்த அயனி மரத்தாலான கைமரங்களையும் (ஓடுகளைத் தாங்கும் சாய்வு மரங்கள்) ஆராய, நாகர்கோவிலிலிருந்து ஒரு மர ஆய்வுக் குழுவை அழைத்தோம். எதையும் மாற்றச் சொல்வதற்கு முன், ஒவ்வொரு கைமரத்தையும் சுத்தியலால் தட்டி ஓசை கேட்டு, கூரிய ஊசியால் குத்திப் பார்த்து, ஈரப்பதமானியாலும் அளந்தார்கள். மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சை பற்றக்கூடும் என்பதால், இரு பருவமழைகளையும் பெறும் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்த அளவீடு மிக முக்கியம். சுவருக்குள் புதைந்த முனைகளில்தான் அழுகல் இருந்தது. நடுப்பகுதி வைரம் பாய்ந்து உறுதியாகவே இருந்தது. கரையானின் மண்தடத்தை விளக்கொளியில் பின்தொடர்ந்து, ஓடு உடைந்து நீர் கசிந்த இடத்தைக் கண்டறிந்த அவர்களுடைய பொறுமை உண்மையிலேயே பாராட்டுக்குரியது. மரத்தை முழுவதும் கழற்றாமல், அழுகிய முனையை மட்டும் வெட்டி அதே இன மரத்தால் ஒட்டுப்போடப் பரிந்துரைத்தார்கள். அறிக்கையில் கைமரங்களுக்கு எண்ணிட்ட வரைபடம் இல்லாதது பெரிய குறை. தச்சருக்கு அதுதான் முதல் தேவை.