ஆங்கிள் வால்வு மாற்ற ஆப்பில் ஆள் கூப்பிடும் முன் இதைப் படியுங்கள்

கோபம் இன்னும் அடங்கவில்லை. கொஞ்சம் முன்பின்னாகத்தான் எழுதுவேன்.

வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு ஆப். ஃப்ளஷ் டேங்குக்குத் தண்ணீர் போகும் ஆங்கிள் வால்வில், கைப்பிடிக்கு அடியில் சொட்டுச் சொட்டாகக் கசிவு. மாற்றித் தர அவர்கள் கேட்டது புது வால்வு விலையைப் போலப் பத்து மடங்கு. "பொருளும் கூலியும் சேர்த்துத்தான், சுத்தப் பித்தளை" என்றார்கள். சரி என்றேன்.

வந்தவரைப் பார்த்தால் யாரும் நம்புவார்கள். தரையில் துணி விரித்தார். மெயின் வால்வை அடைத்து, டேங்கில் மிச்சமிருந்த தண்ணீரையும் ஃப்ளஷ் செய்து காலி பண்ணினார். வால்வின் த்ரெட்டில், அதாவது மரையில், கசியாமலிருக்க டெஃப்லான் டேப் சுற்றும்போது, "இறுக்குற திசையிலேயே சுத்தணும் சார், இல்லன்னா பிரிஞ்சுடும்" என்று பாடம் வேறு. அது உண்மைதான், அதனால்தான் மற்றதையும் நம்பினேன். போகும்போது பழைய வால்வைத் தன் பையில் போட்டுக்கொண்டார். அது கெட்டிப் பித்தளை!

அந்த வாரமே, நள்ளிரவில், புது வால்வு கழுத்தோடு முறிந்தது. பாதித் துண்டு சுவருக்குள். உடைந்த இடத்தில் மஞ்சள் நிறமே இல்லை. சாம்பல் நிறத்தில் பொரபொரவென்று இருந்தது. துத்தநாகக் கலவை வார்ப்பு, மேலே பளபளக்கும் குரோம் பூச்சு.

புகார் கொடுத்தால் "சிரமத்துக்கு வருந்துகிறோம்". படம் கேட்டார்கள், அனுப்பினேன். அப்புறம் வேறொருவர் வந்து அதே படத்தைக் கேட்டார். கடைசியில், "நீங்கள் அழுத்தித் திருப்பியிருப்பீர்கள்" என்றார்கள். கால் சுற்றில் மூடும் வால்வில் என்னத்தை அழுத்துவது? பில்லில் பித்தளை என்ற பேச்சே இல்லை, வெறும் "பொருத்தும் பணி". அதைக் காட்டியே, புகார் "தீர்க்கப்பட்டது" என்று மூடிவிட்டார்கள். பத்து மடங்குப் பணம் போனது போனதுதான்.

சுவருக்குள் இருந்த துண்டை எடுக்க வந்த வேறொரு பிளம்பர் சொன்னதுதான் வயிற்றெரிச்சல். கைப்பிடிக்கு அடியில் கசிந்தால் அங்கிருக்கும் நட்டை ஸ்பேனரால் லேசாக இறுக்கினாலே பெரும்பாலும் நின்றுவிடுமாம். இதற்கா பத்து மடங்கு?

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமையில்லை. காந்தம் வைத்துப் பார்க்காதீர்கள், பித்தளையிலும் ஒட்டாது, துத்தநாகத்திலும் ஒட்டாது. பொருத்தும் முன் த்ரெட்டின் உள்பக்கம் கொஞ்சம் சுரண்டச் சொல்லுங்கள், மஞ்சள் தெரிய வேண்டும். பில்லில் "பித்தளை" என்று எழுதி வாங்குங்கள். மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் காட்டி வையுங்கள். பழைய வால்வை மட்டும் யாரிடமும் கொடுத்தனுப்பாதீர்கள்.