கறுப்புக் கல், சோபா, புளியங்கொட்டை: ரோபோ வாக்கும் கிளீனருடன் இரண்டரை ஆண்டுகள்

தரையைப் பெருக்கி ஈரத்துணியால் துடைக்கவும் செய்கிற ரோபோ வாக்கும் கிளீனர் ஒன்று, 2023 தீபாவளியை ஒட்டி கிருஷ்ணகிரியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தது. முதல் மூன்று மாதங்களில் அது தானாக வேலையை முடித்துச் சார்ஜிங் மேடைக்குத் திரும்பிய நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்ற நாட்களில் எங்காவது சிக்கிக்கொண்டு ஆங்கிலத்தில் உதவி கேட்டுக்கொண்டிருக்கும். அதைத் தேடி மீட்கும் நேரத்தில் தானே பெருக்கி முடித்திருக்கலாம் என்பார் அம்மா. இப்போது மாதத்துக்கு ஓரிரு முறைதான் சிக்குகிறது. இயந்திரம் அதேதான்; மாறியது வீடு.

எங்களை அதிகம் குழப்பியது கறுப்புக் கிரானைட். கல் குவாரிகளுக்குப் பேர்போன மாவட்டம் என்பதால், இங்கு வீடு கட்டுகிறவர்கள் தரையின் ஓரப் பட்டைக்கும் அறைவாசலுக்கும் பளபளக்கும் கறுப்புக் கல்லைப் போடுவது வழக்கம். எங்கள் கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவில் ஒரு சாண் அகலத்தில் அந்தக் கல் தரைமட்டமாகவே பதிந்திருக்கிறது. மேடோ பள்ளமோ இல்லாத அந்த இடத்துக்கு வந்ததும் இயந்திரம் நின்று, பின்வாங்கி, வேறு கோணத்தில் மறுபடி முயன்று, கடைசியில் அறையைப் பெருக்காமலே போய்விடும். சில நாள் எப்படியோ உள்ளே போய்விட்டு வெளியே வர முடியாமல் சார்ஜ் தீர்ந்து கிடக்கும். அதன் அடிப்புறத்தில் உள்ள சென்சார்கள் அகச்சிவப்புக் கதிரைத் தரைக்கு அனுப்பி, திரும்பி வரும் ஒளியைக் கொண்டு கீழே தரை இருக்கிறதா, படிக்கட்டின் விளிம்பா என்று முடிவு செய்கின்றன. கறுப்புக் கல் அந்தக் கதிரை விழுங்கிவிடுவதால், இயந்திரத்தின் கணக்கில் அது கிணறு.

சென்சார்களின் மேல் வெள்ளைக் காகிதத்தை ஒட்டிவிடும்படி சிலர் சொன்னார்கள். முன்வாசலில் மூன்று படி இறங்க வேண்டிய வீட்டில் அதைச் செய்ய எனக்குத் துணிவில்லை; கதவு திறந்திருக்கும் ஒரு நாள் போதும், இயந்திரம் தெருவில் கிடக்கும். அதனால் கல்லின் மேல், வாசலின் முழு அகலத்துக்கும், மங்கலான சந்தன நிற ஸ்டிக்கரை ஒட்டினேன். காசு கொடுத்துப் போட்ட கல்லை மறைப்பதா என்று அம்மாவுக்கு வருத்தம். ஆனால் அன்று மாலையே இயந்திரம் தயங்காமல் அறைக்குள் போய்விட்டு வந்தது. ஈரத்துணி தேய்ப்பதால் ஓரம் உரிகிறது. ஆறேழு மாதத்துக்கு ஒருமுறை புதிதாக ஒட்ட வேண்டியிருக்கிறது.

எங்கள் இயந்திரம் 2 செ.மீ. உயரம் வரை ஏறும். பூஜையறை நிலைப்படியோ 3 செ.மீ. முன்சக்கரம் ஏறி, வயிறு தட்டி, பின்சக்கரங்கள் காற்றில் சுழல்வதைப் பார்த்த பிறகு, தச்சரிடம் சொல்லி 15 செ.மீ. நீளத்தில் சரிவான மரக்கட்டைகள் இரண்டு செய்து உள்ளும் புறமும் வைத்தோம். ஈரத்தில் கட்டை நழுவியதால் அடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினேன். வெள்ளிக்கிழமை படிக்கு மஞ்சள் குங்குமம் வைக்கும்போது கட்டைகளை எடுத்துவிடலாம்.

சோபாவின் அடியில் இடைவெளியை அளந்தால் 10 செ.மீ. இருந்தது, இயந்திரத்தின் உயரம், தலையில் சுற்றுப்புறத்தை அளக்கும் லேசர் கோபுரத்தையும் சேர்த்து 9.7 செ.மீ. போதும் என்றுதான் நினைத்தேன். உறவினர்கள் வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்று பேர் உட்கார்ந்திருந்த சோபாவின் கீழிருந்து அது கத்தத் தொடங்கியபோதுதான், ஆள் உட்கார்ந்தால் சோபாவின் அடிப்பலகை தாழும் என்பது உறைத்தது. ஆளில்லாத நேரத்தில் உள்ளே போனது, அமர்ந்தவர்களின் எடையில் அகப்பட்டுக்கொண்டது. கால்களுக்கு அடியில் 3 செ.மீ. கட்டை கொடுத்ததும் அது தீர்ந்தது. வாங்கப் போகிறவர்கள் ஆளை உட்கார வைத்து அளந்துகொள்ளுங்கள்.

சார்ஜர் வயர், தொங்கும் புடவை முந்தானை, கோரைப்பாயின் ஓர நூல் ஆகியவற்றைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். கயிற்றுக் கால்மிதியை மட்டும் சொல்லிவிடுகிறேன்: துடைக்கும் துணி அதன் நாரில் மாட்டி, கால்மிதியோடு ஊர்வலம் போகும். அதற்குப் பதில் அடியில் ரப்பர் உள்ள மெல்லிய மிதியடிக்கு மாறினோம்.

தலைமுடியும் பூ கட்டும் வாழைநாரும் வெளிப்பார்வைக்குத் தெரியாமல் கெடுதல் செய்கின்றன. பிரஷைச் சுத்தம் செய்தால் போதாது. முன்சக்கரத்தைப் பிடுங்கி அதன் அச்சையும் பார்க்க வேண்டும். ஒருமுறை அச்சில் சுற்றியிருந்த நாரை ஊக்கால் நெம்பி எடுத்தபோது சுண்டுவிரல் நீளத்துக்கு வந்தது. அதன் பிறகே இயந்திரம் நேராக ஓடியது.

சிக்கும் இடங்களையெல்லாம் இயந்திரத்துக்கான கைபேசிச் செயலியில் தடைப் பகுதியாகக் குறித்துவிடுவது எளிது. நானும் முதலில் அப்படித்தான் செய்தேன். வரைபடத்தில் பாதி வீடு சிவப்பானது, தூசி அங்கேயே குடியிருந்தது. இப்போது இரண்டே இடங்கள் தடையில் இருக்கின்றன: வளைந்த இரும்புக் கால் நாற்காலி, அரிசிமாவுக் கோலம் போடும் இடம். ஈரத்துணி பட்டால் மாவு பசையாகிவிடும்.

இன்னும் தீராதது புளி. பங்குனியில் கூடத்தில் உட்கார்ந்து புளி கொட்டை எடுக்கும்போது, தெறித்த கொட்டைகள் எங்கெங்கோ உருண்டு ஒளிந்துகொள்கின்றன. அவற்றில் ஒன்று சக்கரத்துக்கும் உடலுக்கும் நடுவில் போனால் இயந்திரம் அப்படியே நின்றுவிடுகிறது. அந்தப் பதினைந்து நாளும் அதை அணைத்து வைத்துவிட்டு, அம்மா துடைப்பத்தை எடுத்துக்கொள்கிறார்.