பிஸ்மத் ஃபெரைட் படலத்துடன் ஆறு ஆண்டுகள்

மின்புலத்தைக் கொண்டே காந்தத்தைத் திருப்பும் சோதனைகளுக்காக, காந்த ஒழுங்கும் மின் ஒழுங்கும் ஒருசேர உள்ள மல்டிஃபெரோயிக் பொருளான பிஸ்மத் ஃபெரைட்டின் மென்படலங்களை ஆறு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். காந்தம் திரும்புகிறது, எத்தனை முறை திரும்பும் என்பதில்தான் எனக்குக் குறை.

இதைத் தேர்ந்தெடுக்க வெப்பநிலையே காரணம். இன்னொரு மல்டிஃபெரோயிக்கான டெர்பியம் மாங்கனைட்டில் காந்தமும் மின்முனைவாக்கமும் (நேர், எதிர் மின்னூட்டங்கள் சற்று விலகி ஒரு திசையில் நிற்பது) நெருக்கமாகப் பிணைந்திருந்தாலும், அதைக் காண 28 கெல்வினுக்குக் கீழே செல்ல வேண்டும். பிஸ்மத் ஃபெரைட்டோ ஏறத்தாழ 640 கெல்வின் வரை எதிர்ஃபெரோகாந்த ஒழுங்கையும் (அடுத்தடுத்த அணுக்காந்தங்கள் எதிரெதிராக நிற்பது) 1100 கெல்வின் வரை ஃபெரோமின் ஒழுங்கையும் (மின்முனைவாக்கம் தானாகவே நிலைத்திருப்பது) தக்கவைத்துக்கொள்கிறது. திரவ ஹீலியத்துக்காகக் காத்துக் கிடந்தவர்களுக்கே இந்த நிம்மதி புரியும்.

தொல்லை படலத்தை வளர்க்கும்போதே தொடங்கிவிடுகிறது. சுமார் 700 டிகிரி செல்சியஸில் பிஸ்மத் ஆவியாகிவிடுவதால், லேசர் தாக்கிப் படலமாகப் படியும் மூலப்பொருள் வில்லையான இலக்கில் அதைப் பத்து விழுக்காடு கூடுதலாகச் சேர்க்கிறோம்; அப்படியும் பிஸ்மத்தோ ஆக்சிஜனோ சற்றுக் குறைந்தால் கசிவு மின்னோட்டம் பெருகி, கூர்மையான மூலைகளோடு சதுரமாக வரவேண்டிய தயக்க வளையம் (மின்னழுத்தத்தை ஏற்றியிறக்கும்போது முனைவாக்கம் மாறுவதைக் காட்டும் வரைகோடு) திரையில் பலூனைப் போல உப்பி நிற்கும். அந்த வடிவத்தைக் கண்டதும் ஊசியைத் தூக்கிவிட்டு அடுத்த மின்முனைக்குப் போய்விடுவது என் வழக்கமாகிவிட்டது.

இப்பொருளின் சொந்தக் காந்தமாக்கம் மிகச் சிறியது என்பதால், மேலே அதனோடு பிணைந்து திரும்பும் கோபால்ட்-இரும்பு அடுக்கைப் படியவைத்து அதன் திசையையே கவனிக்கிறோம். முனைவாக்கம் புரண்டால் காந்தமும் புரளும் என்று முதல் இரண்டு ஆண்டுகள் நம்பியது என் தவறு. முனைவாக்கம் ஒரே தாவலில் 180 பாகை புரண்டால் படலத்தின் சிறு காந்தத் திருப்புத்திறன் புரளாது. 71 பாகை, 109 பாகை என இரண்டு படிகளில் திரும்பினால்தான் அதுவும் உடன் புரளும் என்பதை 2014இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு காட்டியது. படலத்தை வளர்க்கும் அடித்தளப் படிகமாக ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட்டைக் கைவிட்டு டிஸ்ப்ரோசியம் ஸ்காண்டேட்டுக்கு மாறி, களங்கள் (முனைவாக்கம் ஒரே திசையில் உள்ள பகுதிகள்) சீரான கோடுகளாக அமைந்த பிறகே எனக்கும் தெளிவான புரட்டல் கிடைத்தது.

மின்செலவில் குறை சொல்வதற்கில்லை; நூறு நானோமீட்டர் படலத்துக்குச் சில வோல்ட்டுகளே போதும், கம்பிச்சுருளில் மின்னோட்டம் பாய்ச்சிச் சூடேற்றும் தேவையும் இல்லை. ஆயுள்தான் போதாது: என் மாதிரிகளில் சில ஆயிரம் சுழற்சிகளுக்குள் கோடுகள் உடைந்து, கோபால்ட்-இரும்பு அடுக்கின் பிணைப்பு தளர்ந்துவிடுகிறது. அதனால் இப்போது லாந்தனம் கலந்த படலங்களுக்கு மாறியிருக்கிறேன். முனைவாக்கம் குறைவாக இருந்தாலும், அவை இன்னும் தாழ்ந்த மின்னழுத்தத்திலேயே திரும்பிவிடுகின்றன.