சக்திமான் லாரியின் டீசல் பம்ப் மாறிப்போன கதை: பழைய பட்டாள வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

மதுரைச் சுற்றுச்சாலையை ஒட்டிய ஒரு லாரிப் பட்டறையில் சென்ற ஐப்பசியில் என் சக்திமான் வண்டியை வேலைக்கு விட்டு, 41 நாள் கழித்து 1,12,000 ரூபாய் கொடுத்துத் திரும்ப எடுத்தேன். வண்டியில் பூட்டியிருந்த டீசல் பம்ப், அதாவது இன்ஜினுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் பம்ப், என்னுடையது அல்ல என்பது தெரியவர மேலும் இரண்டு மாதம் ஆயிற்று. பட்டறையின் பெயரை எழுதப்போவதில்லை. நடந்ததைச் சொல்கிறேன், இதே போன்ற வண்டி வைத்திருப்பவர்களுக்கு எங்கே கவனிக்க வேண்டும் என்பது விளங்கிவிடும்.

வாடிப்பட்டியில் குடியிருக்கும் எனக்குச் சிறுமலையில் கொஞ்சம் வாழையும் எலுமிச்சையும் உண்டு. தார்ச்சாலை முடிந்த பிறகு தோட்டம் வரை உள்ள மண்பாதையில் மழைக்காலத்தில் சாதாரண லாரி ஏறாது என்பதால், ராணுவ ஏலத்தில் எடுத்த ஒருவரிடமிருந்து 2012-இல் இந்த வண்டியை வாங்கினேன். ஜெர்மனியின் மேன் நிறுவன உரிமத்தின்பேரில் ஜபல்பூரில் கட்டப்பட்ட சக்திமான்களில் ஒன்று. நான்கு சக்கரமும் இழுக்கும். இதன் இன்ஜினில் டீசல் பெரும்பாலும் காற்றில் தெளிக்கப்படாமல், பிஸ்டன் தலையில் உள்ள உருண்டைக் குழியின் சுவரில் படும்படி பீய்ச்சப்பட்டு, அங்கே ஆவியாகி எரிகிறது. ஆறு சிலிண்டர் என்ற ஒற்றுமைக்காக வேறு லாரியின் பம்ப்பையும், டீசலைப் பீய்ச்சும் முனையான நாசிலையும் இதில் மாட்டினால் வண்டி ஓடத்தான் செய்யும், ஆனால் ஒழுங்காக ஓடாது.

நான் சொல்லிவிட்டு வந்த வேலைகள் மூன்று: பம்ப்பையும் நாசில்களையும் சரிபார்ப்பது, பவர் ஸ்டீயரிங் வைப்பது, துருப்பிடித்த இடங்களில் டிங்கரிங் பார்த்து ஏற்கெனவே இருந்த சாம்பல் நிறத்தையே அடிப்பது. பம்ப்பில் சிலிண்டருக்கு ஒன்றாக டீசலை அழுத்தித் தள்ளும் ஆறு எலிமெண்டும் டெலிவரி வால்வுகளும் புதிதாகப் போட்டதாக 46,000 ரூபாய் எழுதியிருந்தார்கள். கழற்றிய பழைய சாமான்களைக் கேட்டேன். ஒரு சிமெண்டுச் சாக்கில் போட்டுத் தந்தார்கள். அதைப் பார்த்து நானும் நம்பிவிட்டேன்.

முதல் ஏமாற்றம் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. வண்டி முழுவதும் பட்டாளத்துப் பச்சை. "இந்த வண்டிக்கு இதுதாண்ணே கம்பீரம்" என்றார் பட்டறைக்காரர். கதவில் அம்புக்குறி போட்ட பழைய ராணுவ எண்ணையும் எழுதித் தரட்டுமா என்று வேறு கேட்டார். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-ஆவது விதி, பாதுகாப்புத் துறையின் வண்டிகளைத் தவிர வேறு எதற்கும் அந்த ஆலிவ் பச்சையை அடிக்கக் கூடாது என்கிறது. எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்குக் கொண்டுபோனபோது ஆய்வாளர் இன்ஜின் மூடியைத் திறக்கக்கூட இல்லாமல் திருப்பி அனுப்பினார். பெயிண்டுக்கு மறுபடியும் செலவு. பட்டறையில் அன்பளிப்பாக மாட்டித் தந்த பாட்டு செட்டும் சும்மா இருக்கவில்லை. 24 வோல்ட் வண்டியில் தொடராக இணைத்த இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் உருவியிருந்தார்கள். அப்படிச் செய்தால் ஒரு பேட்டரி சார்ஜ் குறைந்தே கிடக்கும், மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜாகிக் கொதிக்கும். தை மாதத்துக்குள் இரண்டும் போயின. நியாயமாகச் சொல்ல வேண்டுமானால் ஸ்டீயரிங் வேலையில் மட்டும் குறை காண முடியவில்லை. வேலை தெரியாதவர்கள் அல்லர் என்பதுதான் எனக்கு அதிக எரிச்சலைத் தருகிறது.

சிறுமலைச் சாலையின் 18 கொண்டைஊசி வளைவுகளில், முன்பு இரண்டாவது கியரில் ஏறிய இடங்களிலெல்லாம் இப்போது முதல் கியர் கேட்டது. ஐந்தாவது வளைவுக்குள் கரும்புகை வந்தது, வெப்பமானி முள் சிவப்புக்குப் பக்கத்தில் போய் நின்றது. இரண்டு முறை பட்டறைக்குத் திரும்பிப் போனேன். புது எலிமெண்ட் என்பதால் 1,000 கிலோமீட்டர் ஓடினால்தான் செட் ஆகும் என்று இரண்டு முறையும் ஒரே பதில். எலிமெண்டின் உருளையும் அதனுள் ஓடும் தண்டும் இரண்டு மூன்று மைக்ரான் இடைவெளிக்கு இழைக்கப்பட்டவை. ஓடி ஓடிப் பழகுவதற்கு அதில் ஒன்றும் இல்லை என்பது அன்று எனக்குத் தெரியாது.

கடைசியில் திண்டுக்கல்லில் பம்ப் வேலை மட்டுமே பார்க்கும் ஒரு பெரியவரிடம் போனேன். அவர் ஸ்பானரைத் தொடுவதற்கு முன் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் பம்ப்பின் பக்கவாட்டைத் துடைத்தார், பிறகு பிளேடால் மெல்லச் சுரண்டினார். புதுப் பெயிண்டுக்கு அடியிலிருந்து பம்ப்பின் எண் பொறித்த தகடு தெரிந்தது. "தம்பி, தகட்டுக்கு மேல பெயிண்ட் அடிக்கிறவன் எதையோ மறைக்கிறான்னு வச்சுக்கங்க" என்றார். வண்டி வாங்கிய அன்று என் மைத்துனர் பொழுதுபோக்குக்காகப் பம்ப்பை எடுத்த படம் ஒன்று நல்லவேளையாகக் கைப்பேசியில் இருந்தது. அதில் உள்ள வரிசை எண் வேறு, இது வேறு.

அவர் எனக்குத் தகட்டைப் படிக்கவும் கற்றுக் கொடுத்தார். மைக்கோ நிறுவனத்துப் பம்ப்பில் பி.இ.எஸ். என்ற எழுத்துகளுக்குப் பின் வருவது சிலிண்டர் எண்ணிக்கை, அடுத்த எழுத்து பம்ப்பின் அளவு வகை, அதற்கடுத்த எண் எலிமெண்டின் விட்டம், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்காக. 90 என்றிருந்தால் 9 மில்லிமீட்டர். என் வண்டியில் பூட்டியிருந்தது பழைய பம்ப்பைவிட அரை மில்லிமீட்டர் சிறியது. சிறிய எலிமெண்டில் அதே அளவு டீசலைத் தள்ள வேண்டுமென்றால் பீய்ச்சும் நேரம் நீள்கிறது. பின்னால் வந்த டீசல் காலம் கடந்து எரிந்து புகையாகவும் சூடாகவும் வெளியேறுகிறது. வளைவுகளில் நான் பார்த்தது அதைத்தான். பம்ப்பைப் பிரித்தபோது தண்டின் மீது நெடுக்காகக் கீறல்கள், நகத்தை வைத்தால் தட்டியது. புது எலிமெண்ட் ஒன்றுகூட இல்லை.

சாக்கையும் கொட்டினோம். பழையவை என்று எனக்குத் தந்த ஆறு எலிமெண்டுகளில் நான்கு ஒரு விட்டம், இரண்டு வேறு விட்டம். அவை ஒரே பம்ப்பிலிருந்து வந்திருக்கவே முடியாது. கேட்கிறவர்களுக்குக் கொடுப்பதற்காகவே மூலையில் ஒரு சாக்கு வைத்திருப்பார்கள் போலிருக்கிறது.

பட்டறைக்காரர் தன் தவறில்லை என்றார். பம்ப்பைச் சோதித்துப் பார்க்க வெளியே ஒரு டெஸ்ட் பெஞ்சுக்கு அனுப்பியதாகவும் அங்கே மாறியிருக்கலாம் என்றும் சொல்லி, 15,000 ரூபாயை எடுத்துவந்து மேசை மேல் வைத்தார். நான் வாங்கவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் கிடையாது. ஆனால் என் கையில் இருப்பது ஜி.எஸ்.டி. ரசீது அல்ல, கடைப் பெயர்கூட அச்சிடாத துண்டுச் சீட்டு. வேலைக்கு விட்ட நாளில் பம்ப், இன்ஜின், கியர்பாக்ஸ் எண்களை எழுதி அவரிடம் ஒரு கையெழுத்து வாங்கியிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. வணிகத்துக்காக ஓட்டும் வண்டி, அதனால் நான் நுகர்வோரே அல்ல என்று எதிர்த்தரப்பு வாதிடும் என்பதால், என் தோட்டத்து விளைச்சலை மட்டுமே ஏற்றுகிறேன் என்பதற்கான தாள்களையும் இப்போது சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

என்னுடைய பம்ப் எங்கோ ஒரு வண்டியில் ஓடிக்கொண்டிருக்கும். அதன் வரிசை எண் 471 என்று முடியும். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் பகுதியின் மூடியில், இடது மூலையில் ஒரு பழைய வெல்டிங் தழும்பு இருக்கும். மதுரைப் பக்கம் அண்மையில் சக்திமான் பம்ப் வாங்கியவர்கள் தகட்டின் மேல் உள்ள பெயிண்டைச் சற்றுச் சுரண்டிப் பார்த்து எனக்குச் சொல்லுங்கள்.