டைனமோ போச்சு என்று சொன்னால் உடனே நம்பாதீர்கள்

போன மாதம் என்னிடம் 9,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, என் காரிலிருந்த பழைய டைனமோவுக்கே (இன்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்கிற பாகம்) சில்வர் பெயின்ட் அடித்து, புதுசு என்று மாட்டி அனுப்பிவிட்டார்கள். சென்னையில் மூலக்கடைப் பக்கம் இருக்கிற ஒரு ஒர்க்‌ஷாப். பெயர் போடவில்லை, புகார் கொடுத்திருக்கிறேன். ஆனால் நடந்ததை முழுசாகச் சொல்கிறேன். இதே வேலையை எந்தப் பட்டறையிலும் யாருக்கும் செய்யலாம்.

என்னுடையது 2008 மாடல் சின்ன பெட்ரோல் கார். திருவொற்றியூரில் வீடு. மழை பெய்த ஒரு காலையில் ஸ்டார்ட் செய்ததும் டைனமோவைச் சுற்றுகிற ஃபேன் பெல்ட் வீல் என்று கத்தியது. கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. இரண்டு நாள் கழித்து டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு எரிய ஆரம்பித்தது. அதோடு பானெட்டுக்குள்ளிருந்து கடகடவென்று ஒரு சத்தம். மாதவரத்தில் ஒரு வேலையாகப் போயிருந்ததால் அந்தப் பக்கமிருந்த அந்த மூலக்கடைப் பட்டறையிலேயே வண்டியை விட்டேன்.

மெக்கானிக் வந்தான். மீட்டர் வைக்கவில்லை, டார்ச் அடித்துப் பார்க்கவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றினான். வண்டி உடனே நின்றது. "பாத்தீங்களா சார், டைனமோ பூட்ச்சு. கம்பெனி அயிட்டமே போட்டுத் தர்றேன்" என்றான். எனக்கும் அது சரியான சோதனை மாதிரிதான் தெரிந்தது.

அது சோதனையே இல்லை என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். ஓடுகிற வண்டியில் பேட்டரியைப் பிடுங்கினால் வோல்ட்டேஜ் ஒரேயடியாக எகிறும். டைனமோவின் டயோடும் போகலாம், வண்டியின் கம்ப்யூட்டரும் போகலாம். உங்கள் கண் முன்னால் இன்ஜின் ஓடும்போது யாராவது டெர்மினலில் கை வைத்தால் அங்கேயே நிறுத்துங்கள். பேட்டரியில் மீட்டர் வைக்கச் சொல்லுங்கள். வண்டி ஆஃபில் இருக்கும்போது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் பக்கம் காட்டும். ஸ்டார்ட் ஆனதும் பொதுவாக 13.8-லிருந்து 14.4 வரை ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் சார்ஜ் ஆகவில்லை என்று அர்த்தம், டைனமோ கெட்டுப்போச்சு என்று அர்த்தமில்லை. பெல்ட் வழுக்கினாலும் ஏறாது, வயர் லூஸாக இருந்தாலும் ஏறாது.

சாயங்காலம் போனபோது பளபளவென்று ஒரு டைனமோ மாட்டியிருந்தது. விளக்கும் அணைந்திருந்தது. பழையதைக் கேட்டேன். "எக்ஸ்சேஞ்ச்ல போயிடுச்சு சார், அதைக் கழிச்சுத்தான் இந்த ரேட்டு" என்றான். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டு. 5,000 ஜிபேயில் அனுப்பினேன், மீதி கையில் கொடுத்தேன்.

பதினைந்து நாள் தாங்கவில்லை.

அப்பாவை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். காசிமேடு தாண்டி எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில், துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரி வரிசைக்குப் பக்கத்தில் ஊர்ந்துகொண்டிருந்தபோது பட்டென்று ஒரு சத்தம். பேட்டரி விளக்கு எரிந்தது. இரண்டு நிமிடத்தில் டெம்பரேச்சர் முள் ஏற ஆரம்பித்தது. என் வண்டியில் அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. பெல்ட் கழன்றால் சார்ஜும் போய்விடும், இன்ஜினும் வெந்துவிடும். கவனிக்காமல் வீடு வரை ஓட்டியிருந்தால் ஹெட் கேஸ்கெட்டே போயிருக்கும். ஓரங்கட்டி, 74 வயது மனுஷரை அந்த வெயிலில் ஆட்டோ பிடித்து அனுப்பிவைத்தேன். எனக்கு ஆறாதது அதுதான்.

வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு தண்டையார்பேட்டையில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவரின் ஆட்டோ எலக்ட்ரிகல் கடைக்குப் போனேன். அவர் டார்ச்சை எடுத்து டைனமோவுக்குக் கீழே அடித்தார். ஒரு நிமிடம் பேசவே இல்லை. அப்புறம், "தம்பி, இங்க பாரு" என்றார்.

டைனமோவை இன்ஜினோடு பிடித்திருக்கிற பிராக்கெட்டில், போல்ட் போகிற ஒரு காதுப் பக்கம் விரிசல். அந்த விரிசல் மேல் எம்-சீல் அப்பி, கறுப்பு பெயின்ட் அடித்திருந்தார்கள். பெரியவர் நகத்தால் நெம்பினார், பெயின்டோடு துண்டாகக் கையில் வந்தது. பிராக்கெட் இப்படி விட்டுப்போனால் டைனமோ சாய்ந்துகொள்ளும். பெல்ட் நேராக உட்காராது, டென்ஷனும் நிற்காது. பெல்ட் கத்தியதும், விளக்கு எரிந்ததும், கடகடவென்ற சத்தமும் எல்லாமே இதனால்தான். அதாவது அந்த ஒர்க்‌ஷாப்காரனுக்கு உண்மையான கோளாறு என்னவென்று நன்றாகவே தெரிந்திருக்கிறது. பார்த்திருக்கிறான், பூசி மறைத்திருக்கிறான், டைனமோவுக்குக் காசு வாங்கியிருக்கிறான்.

அந்த டைனமோவையும் பெரியவர் திருப்பிப் பார்த்தார். பின்மூடியில் கொஞ்சம் தின்னர் தொட்டுத் துடைத்ததும் சில்வர் பெயின்டுக்குக் கீழே ஆணியால் கீறிய எழுத்து தெரிந்தது: 14.6.19. 2019-ல் இதே கடையில் டைனமோவுக்குக் கார்பன் பிரஷ் மாற்றியபோது அவரே கீறிவைத்த தேதி. "இது என் கையெழுத்து தம்பி" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பிராக்கெட்டைக் கழற்றுவதை முழுக்கப் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதல் வேலையாக பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றினார். டைனமோவுக்கு வரும் தடித்த வயரில் சாவி ஆஃபில் இருந்தாலும் கரண்ட் இருக்கும், ஸ்பேனர் பட்டால் பொறி பறக்கும். அப்புறம் அட்ஜஸ்டிங் போல்ட்டை லூஸ் செய்து பெல்ட்டை விலக்கி, வயர்களைக் கழற்றி, அடியிலிருக்கிற நீள போல்ட்டை உருவி டைனமோவை இறக்கினார். பிராக்கெட்டைப் பிடிக்க வேண்டிய மூன்று போல்ட்டில் ஒன்று தவறான அளவு. இரண்டு மரைதான் பிடித்திருந்தது. அது ஆடி ஆடித்தான் அலுமினியம் விட்டிருக்கிறது. நம் ஏரியா ரோடும் சேர்ந்துகொண்டது.

அலுமினிய வார்ப்பு என்பதால் தெருமுனை ஆர்க் வெல்டிங்கில் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஆர்கான் வெல்டிங்தான். எம்-சீல் துளி இல்லாமல் சுத்தம் செய்து, விரிசல் முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு ஓட்டை போட்டு, விரிசலை கிரைண்டரில் ‘வி’ மாதிரி தோண்டி, சூடாக்கி, அப்புறம் பற்றவைத்தார்கள். இன்ஜினில் உட்காரும் முகத்தை அரம் போட்டுச் சமன் செய்தார் பெரியவர். கண்ணாடி மேல் வைத்து ஆடுகிறதா என்று நாலு தடவை பார்த்தார். ஆடினால் போல்ட் இறுக்கும்போதே மறுபடி விட்டுவிடுமாம்.

ஆர்கானுக்கு 600, புது பெல்ட்டும் சரியான போல்ட்டும் 650, கூலி 800. மொத்தம் 2,050 ரூபாய். அதே பழைய டைனமோதான், மீட்டரில் 14.1 காட்டியது.

மூலக்கடைக்குப் போய்க் கேட்டேன். "எங்க பில்லு காட்டு" என்றான். சீட்டில் கடைப் பெயர்கூட இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிப் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன். ஜிபே ரசீது, எம்-சீல் துண்டு, தேதி கீறிய மூடியின் போட்டோ எல்லாம் பத்திரமாக இருக்கிறது. அங்கே தீரவில்லை என்றால் வடசென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், இவ்வளவு சின்னத் தொகைக்குக் கட்டணம் கிடையாது.

வண்டி விடுவதற்கு முன் டைனமோவின் மேல் மார்க்கரால் ஒரு குறி போட்டு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பொருள் என் கைக்கு வர வேண்டும் என்பதை வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். எக்ஸ்சேஞ்ச் என்றால் முதலில் கண்ணில் காட்டச் சொல்லுங்கள்.

நேற்று அந்த மூலக்கடைப் பட்டறை வழியாக வந்தேன். ஒரு அக்காவின் கார் பானெட் திறந்து நின்றது, இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, அதே பையன் கையில் ஸ்பேனரோடு பேட்டரிப் பக்கம் குனிந்திருந்தான். வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் போய், "அக்கா, மீட்டர் வெச்சுப் பாத்தாங்களா?" என்று கேட்டேன்.