மாற்றாத சிப்புக்கு 1,800 ரூபாய்

மின்நூல் கருவியில் வைஃபை வரவில்லை என்று பழுதுபார்க்க ஊட்டிக்குப் பஸ் ஏறப்போகிறவர்கள், இதைப் படித்துவிட்டு ஏறுங்கள்.

என்னுடையது 2018இல் வெளிவந்த கிண்டில் பேப்பர்வைட். கோத்தகிரியில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் நான்கு மணிக்கே மூடுபனி வாசலுக்கு வந்துவிடும். அதன்பிறகு எனக்கு அதுதான் துணை. போன மாதம் வீட்டுக்கு ஃபைபர் இணைப்பும் புது ரூட்டரும் வந்தன. அன்றிலிருந்து கிண்டிலின் வைஃபை பட்டியலில் பக்கத்து வீட்டுப் பெயர் தெரிகிறது, எங்கள் வீட்டுப் பெயர் இல்லை. கைபேசியோ அதே வைஃபையில் ஜோராக ஓடுகிறது. பவர் பொத்தானை 40 விநாடி அழுத்திப் பிடித்து மறுபடி துவக்கியும் பயனில்லை.

ஊட்டிக் கடைக்காரர் கருவியை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார். "வைஃபை சிப் போய்விட்டது சார். மலைக் குளிருக்கு ஈரம் இறங்கிவிடும்." தண்ணீரில் விழுந்தாலும் தாங்கும் என்று சொல்லி விற்ற கருவி அது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். 1,800 ரூபாய், ஒன்பது நாள். கடை வைஃபையில் இணைத்துக் காட்டினார். பில் கேட்டால் துண்டுச் சீட்டு. பழைய சிப்பைக் கேட்டால் "குப்பையில் போட்டாயிற்று".

வீட்டுக்கு வந்தால் பழைய கதை. போதாக்குறைக்கு உள்ளே இருந்ததை எல்லாம் அழித்திருந்தார். காசு கொடுத்து வாங்கிய நூல்களை மறுபடி இறக்கிக்கொள்ளலாம். கேபிள் வழியே ஏற்றியவை போனவைதான்.

அப்போதுதான் பேத்தி ஒட்டிய பட்டாம்பூச்சி ஸ்டிக்கர் கண்ணில் பட்டது. ஒரு சிறகு முன்பக்க விளிம்பில், மறு சிறகு முதுகில். பசை போட்டு ஒட்டிய முகப்பை நெம்பி எடுக்காமல் இந்தக் கருவியைத் திறக்க முடியாது. சிறகு இரண்டும் மடிப்புக் குலையாமல் அப்படியே இருந்தன.

ஃபைபர் இணைப்புக் கொடுத்த தம்பியை அழைத்தேன். ரூட்டரில் வைஃபை அலைவரிசைகளில் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, 2.4 அணைந்திருந்தது. என் கிண்டிலுக்கு 2.4 தவிர வேறெதுவும் தெரியாது. அதை இயக்கினார், ஒரு நிமிடத்தில் இணைந்தது. பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டுமாக இருந்தாலும் பழைய கருவிகள் இணையாதாம். அதற்கு முந்தைய டபிள்யூபிஏ2வும் இருக்கும்படி வைத்துவிட்டுப் போனார்.

ஆகவே முதலில் கைபேசி ஹாட்ஸ்பாட்டை 2.4இல் வைத்து இணைத்துப் பாருங்கள். இணைந்தால் கருவி நலம், ரூட்டரைப் பாருங்கள். கொடுத்தே ஆகவேண்டும் என்றால் நூல்களைக் கணினியில் நகலெடுத்துவிட்டு, உங்கள் கணக்கையும் கருவியிலிருந்து நீக்கிவிட்டுக் கொடுங்கள்.

கடைக்காரரைத் தொலைபேசியில் பிடித்துப் பட்டாம்பூச்சியைப் பற்றிச் சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "இப்போது இணைகிறதல்லவா சார்?" என்றார்.