கொழும்பில் தமிழ்ப் பிள்ளை சிங்களம் படிக்க எந்த வழி நல்லது?

கொழும்பில் ஒரு தமிழ்ப் பிள்ளை சிங்களம் படிக்க நான்கு வழிகள் இருக்கின்றன. பாடசாலையில் நடக்கும் இரண்டாம் மொழிப் பாடவேளை, பின்னேர ரியூசன், தரம் 6இலிருந்து சில பாடசாலைகளில் கிடைக்கும் ஆங்கிலமொழிமூல வகுப்பு, அப்புறம் முதலாம் தரத்திலேயே சிங்களமொழிமூலத்தில் சேர்த்துவிடுவது. பெற்றோரோடு பேசினால் முதலாவதை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. இரண்டாம் மொழி படிப்பிக்கிற ஆள் என்ற முறையில் நான் அதன் பக்கம்தான் நிற்கிறேன். ஆனால் இப்போது பல இடங்களில் நடக்கிற விதம் எனக்குச் சம்மதமில்லை.

பாடவேளையின் பெரிய சிக்கல், வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் ஒரே இடத்திலிருந்து தொடங்காததுதான். கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, மருதானைப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் தெருவில் விளையாடியே சிங்களம் பேசுவார்கள், எழுத்துக் கூட்டி வாசிக்கச் சொன்னால் தலைகுனிவார்கள். வெள்ளவத்தை மாடிக்குடியிருப்பில் இருக்கும் பிள்ளை யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு வருடமாகியும், பக்கத்துக் கடையில் பாண் கேட்கவே தயங்கும். கொப்பியிலோ அந்தப் பிள்ளையின் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். மலையகத்தில் ஹற்றன் பக்கத்திலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைக்குக் கேட்டால் விளங்கும், பேச்சு வராது. முஸ்லிம் பிள்ளைகளில் பலர் வீட்டில் தமிழும் வெளியில் சிங்களமுமாக இரண்டையும் கலந்து நன்றாகவே சமாளிப்பார்கள். இத்தனை பேருக்கும் ஒரே பாடநூல், ஒரே பக்கம், ஒரே சோதனை. முதல் தவணை முடிவதற்குள் தெருச் சிங்களக்காரருக்குச் சலிப்பு வந்துவிடும், புதிதாக வந்தவருக்குப் பயம் பிடித்துவிடும்.

இதற்கு மேல் இன்னொன்று. தமிழைப் போலவே சிங்களத்திலும் எழுத்து நடை வேறு, பேச்சு நடை வேறு. எழுத்தில் ‘மம யமி’ (நான் போகிறேன்), ‘அபி யமு’ (நாங்கள் போகிறோம்), ‘ஒஹு யயி’ (அவர் போகிறார்) என்று ஆளுக்கு ஏற்ப வினை மாறும். பேச்சில் நான், நாங்கள், அவர் யாராக இருந்தாலும் ‘யனவா’ ஒன்றே போதும். பேச்சு நடை இவ்வளவு இலகுவாக இருக்கும்போது, ஒரு வாக்கியம் கூட வாய்விட்டுப் பேசாத பிள்ளையை எழுத்து நடையின் வினை விகுதிகளில் இறக்கிவிடுவது அநியாயம். முதல் வருடம் முழுக்கப் பேச்சு, எழுத்தறிமுகம் மட்டும் கூடவே வரட்டும். விகுதிகள் தரம் 8 வரை காத்திருக்கலாம்.

சிங்களத்தைச் சிங்களத்தாலேயே படிப்பிக்க வேண்டும், தமிழ் வாயில் வரவே கூடாது என்று சிலர் சொல்கிறார்கள். ஆங்கிலத்துக்கு அது ஓரளவு பொருந்தலாம். சிங்களத்துக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தமிழ்ப் பிள்ளைக்குச் சிங்கள வாக்கிய அமைப்பு ஏற்கெனவே பாதி தெரிந்ததுதான். ‘எனக்கு வேணும்’ என்பது ‘மட ஓனே’. ‘எனக்குப் பசி’ என்பது ‘மட படகினி’. ‘நேற்று வந்த மாமா’ என்பது ‘ஈயே ஆபு மாமா’, சொல் ஒவ்வொன்றும் அதே இடத்தில் நிற்கிறது. ஆங்கிலத்தில் இதே வாக்கியத்தைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். இரண்டு மொழியும் தெரிந்த ஆசிரியர் இதைப் பத்து நிமிடத்தில் காட்டிவிடலாம். பிள்ளையின் முகம் தெளிவதை நான் பார்த்திருக்கிறேன். கஷ்டம் ஒலியில்தான். தமிழில் ஒரே ‘க’ இருக்கும் இடத்தில் சிங்களத்தில் நான்கு எழுத்துகள், கூடவே மூக்கொலி சேர்ந்த அரை எழுத்துகள் வேறு. சொல்வதெழுதலில் போகிற புள்ளிகளில் பெரும்பங்கு இங்கேதான் போகிறது. பயிற்சி வேண்டியது இதற்குத்தான்.

ரியூசனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பரீட்சைக்கு உதவும். கடந்தகால வினாத்தாள்களைத் திரும்பத் திரும்பச் செய்விப்பார்கள், பேச்சு வராது. தரம் 8, 9இல் வெளியூரிலிருந்து வந்து சேர்ந்த பிள்ளைக்கு விட்டதைப் பிடிக்க நல்லது. பெரியவர்களுக்கான பேச்சு வகுப்பு வேறு கதை. 2007 ஜூலை 1க்குப் பிறகு அரச சேவையில் சேர்ந்தவர்கள் 5 வருடத்துக்குள் மற்ற அரச கரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்ற சுற்றறிக்கை இருக்கிறது, அவர்களுக்கு அது தேவை.

ஆங்கிலமொழிமூல வகுப்பை நான் மதிக்கிறேன். 2000களின் தொடக்கத்தில் அரச பாடசாலைகளுக்கு வந்த ஏற்பாடு அது. கணிதம், விஞ்ஞானம் போன்றவை ஆங்கிலத்தில், தாய்மொழியும் சமயமும் வரலாறும் அவரவர் மொழியில். ரோயல் கல்லூரி, டி.எஸ். சேனாநாயக்க கல்லூரி போல இரண்டு மொழிமூலமும் உள்ள இடங்களில், தமிழ்ப் பிள்ளையும் சிங்களப் பிள்ளையும் ஒரே வாங்கில் இருக்க இது வழி விடுகிறது. அந்த நட்பின் பெறுமதியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சிங்களம் படிப்பதற்காக இதைத் தெரிவு செய்யாதீர்கள். பாடம் ஆங்கிலத்தில், இடைவேளை பெரும்பாலும் சிங்களத்தில். தமிழ்ப் பிள்ளை கொஞ்சம் பேசப் பழகும், வாசிக்கவும் எழுதவும் அதனால் வராது. பக்கத்தில் இருக்கும் சிங்களப் பிள்ளைக்கோ தமிழ் ஒரு சொல்லும் ஏறாது. ஆங்கிலம் பலவீனமான பிள்ளை என்றால் விஞ்ஞானமும் சேர்ந்து சரியும்.

சிங்களமொழிமூலத்தில் சேர்ப்பவர்களை நான் குறை சொல்ல வரவில்லை. 1987இல் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியானது. ஆனாலும் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு எழுதப் போகும்போது பக்கத்தில் சிங்களம் தெரிந்த ஒருவர் வேண்டும் என்று நினைக்காத தமிழ்க் குடும்பம் இந்த நகரத்தில் குறைவு. அந்தப் பயம் பிள்ளைக்கு வரக்கூடாது என்றுதான் சேர்க்கிறார்கள். பிள்ளை அழகாகச் சிங்களம் பேசும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் தமிழில் பேச மட்டுமே தெரியும், ஒரு பத்திரிகைப் பந்தி வாசிக்க முடியாது. நடுவில் தமிழ்மொழிமூலத்துக்குத் திரும்புவதும் பெரும்பாடு. ஒரு மொழியை வாங்க மற்றதைக் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லாத இடத்தில் இது மிகப் பெரிய விலை.

சரி, பாடவேளையை எப்படித் திருத்துவது? இரண்டு மொழிமூலமும் உள்ள பாடசாலைகளில் தமிழ் வகுப்பின் சிங்களப் பாடத்தையும் சிங்கள வகுப்பின் தமிழ்ப் பாடத்தையும் நேரசூசியில் ஒரே நேரத்தில் வைக்கலாம். வாரத்தில் ஒரு பாடவேளை இரண்டு வகுப்பையும் கலந்து, சோடி சோடியாக இருத்தி, பாதி நேரம் ஒரு மொழி, பாதி நேரம் மற்ற மொழி என்று பேச விடலாம். இதற்குப் புதிய கட்டடமும் வேண்டாம், புதிய பாடநூலும் வேண்டாம். தமிழ்மொழிமூலம் மட்டுமே உள்ள பாடசாலையிலும் ஒரு காரியம் செய்யலாம்: தெருச் சிங்களம் தெரிந்த பிள்ளையையும் எழுத்துத் தெரிந்த பிள்ளையையும் சேர்த்து இருத்தி, ஒருவர் பேச மற்றவர் எழுத வைப்பது. முன்பு சலித்தவருக்கும் பயந்தவருக்கும் அப்போது வேலை இருக்கும்.

பெற்றோர் செய்யக்கூடியது தரம் 9 முடிவில் வருகிறது. சாதாரண தரப் பரீட்சைக்கான விருப்பப் பாடங்களின் முதல் தொகுதியில் இரண்டாம் மொழிச் சிங்களமும் இருக்கிறது. பலர் அதைப் பார்க்காமலே வணிகப் பாடத்தில் அடையாளம் போட்டுவிடுகிறார்கள். பேசத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால், படிவத்தில் கையெழுத்து வைக்கும் முன் ஆசிரியரிடம் ஒருமுறை கேளுங்கள். அந்தப் பிள்ளைக்கு இன்னும் வேண்டியது பெரும்பாலும் எழுத்து நடை மட்டும்தான், அதற்கு இரண்டு வருடம் தாராளமாகப் போதும்.